துறையில் ‘இல்லை’ கிடையாது

அக்கா வீட்டில் தலை பின்னி நான் பார்த்ததில்லை. கூந்தலை அள்ளிக் கொண்டையாகச் செருகிக்கொண்டு படகுத்துறைக்கு வருவாள். கடைசிப் பலகையில் நின்று அவிழ்த்துவிடுவாள். முடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்த பிறகுதான் பின்னத் தொடங்குவாள். கழுத்தோடு ஒட்டிக் கிடந்தால் மட்டும் முகம் சுருங்கும். கோடையில் காலைக் காற்று அசையாமல் கிடந்தால், உச்சிவெயிலுக்குப் பிறகு வானம் ஏதோ வேலை வைத்திருக்கிறது என்று அர்த்தம். பின்னல் முடிவதற்குள் அன்றைக்கு எவ்வளவு தூரம் போவது என்பதும் முடிவாகிவிடும். அலங்காரத்தை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வரக்கூடாதா என்று வாடிக்கைக்காரர்கள் முணுமுணுப்பார்கள்.

கரையை ஒட்டிய பாறைகளுக்கும் ஆறு கலக்கும் இடத்துக்கும் நடுவில், தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது எங்கள் தொழில். அப்பாவின் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் சுக்கான் அக்காவின் கைக்கு வந்தது. நான் இறாலைக் கோத்துக் கொடுப்பேன், சிக்கிய தூண்டில் நரம்பைப் பிரிப்பேன்.

அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. துறையில் கால் வைத்த பிறகு ‘இல்லை’ என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. கடலுக்குக் காது உண்டாம். இல்லை என்று சொன்னால் அதையே அள்ளித் தந்துவிடுமாம். அதனால் எது தீர்ந்தாலும் ‘நிறைய இருக்கு’ என்போம். உண்மையிலேயே இருந்தால் வெறும் ‘இருக்கு’. ஐஸ் நிறைய இருக்கு என்றால் பெட்டி காலி. சட்டத்தை மீறியவர் இரைவாளியைக் கழுவவேண்டும். குடிதண்ணீர் நிறைய இருக்கு என்று நாங்கள் சொன்னதை நம்பித் தன் புட்டியைக் கரையிலேயே வைத்துவிட்டு ஏறிய ஒரு மனிதர், திரும்பி வரும்வரை எங்களை முறைத்துக்கொண்டே இருந்தார்.

இந்தப் பாஷையைப் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட ஒரே வெளியாள் தையல்காரர். கடைத்தெருவில் சின்னக் கடை, ஒல்லி உடம்பு, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. விடுமுறை தவறாமல் வருவார். படகு நகர்ந்ததும் முகம் வெள்ளரிப்பிஞ்சு நிறத்துக்கு வந்துவிடும். குமட்டலோடு தூண்டிலைப் பிடித்திருப்பார். மீன்கள் இரையை மட்டும் கழற்றிக்கொண்டு போகும். அப்பா அவருக்கு ‘மீனுக்கு மாமன்’ என்று பெயர் வைத்தார். மாமன் மீன் பிடிக்கவா போகிறான், மருமக்களுக்கு இறால் சீர் கொடுத்துவிட்டு வருகிறான் என்பார்.

இவ்வளவு பாடுபட்டு அவர் எதற்கு வருகிறார் என்பது துறைக்கே தெரியும். அக்கா தெரியாததுபோல் இருந்தாள். ஆனால் அவர் வரும் நாளில் மட்டும் அவள் பின்னல் சரியாக அமையாது. பிரித்துப் பிரித்துப் பின்னுவாள்.

ஒரு சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவர் மட்டும் துறையில் நின்றார். நான் தூண்டில் கழிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் அளவு நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். கடைசியில், “உங்களுக்கு என்மேல விருப்பம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டுவிட்டார்.

இன்ஜின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். கயிற்றைப் பார்த்துக்கொண்டு, “நிறைய இருக்கு” என்றாள்.

நடுக்கடலில்கூட அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. “சரிங்க, புரிஞ்சுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, தூண்டிலைக்கூட மறந்து நடந்துவிட்டார்.

அடுத்த விடுமுறைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. வீட்டில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன. கேட்க ஒரு வாய் வந்ததாம், பதில் சொன்னதும் ஓட இரண்டு காலும் முளைத்துவிட்டதாம் என்று அக்கா அவற்றிடம் பொரிந்தாள். என்ன நடந்தது என்று அப்பா கேட்டார். அவள் இன்னொரு பாத்திரத்தை உருட்டினாள். நான் மெதுவாகச் சொன்னேன். எங்கே நின்று சொன்னாள் என்று மட்டும் அப்பா கேட்டார். துறையில் என்றேன்.

அப்பா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. தொடையில் அறைகிறேன் என்று நோகிற முழங்காலிலேயே அறைந்துகொண்டு, வலியிலும் சிரித்தார். “அடிப்பாவி, துறையில நின்னுக்கிட்டா அதைச் சொன்னே? அவன் நம்ம பாஷையில தேறின பையன்டி.”

அக்கா கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா என்றார் அப்பா. சும்மா போனால் தெருவே சிரிக்குமே என்று அவள் யோசித்தாள். பிறகு எழுந்து, நல்ல சட்டை ஒன்றை எடுத்து அக்குளில் கிழித்தாள். தைக்கக் கொடுக்கிற சாக்கில் மறுநாள் படகு திரும்பியதும் போவதாகத் திட்டம்.

மறுநாள் காலையில் துறையில் வேறு செய்தி காத்திருந்தது. தையல்காரர் கடையைக் காலி செய்துவிட்டு அண்ணன் ஊருக்கே போகிறாராம். போவதற்கு முன் ஒரு மீனாவது பிடித்துவிட வேண்டும் என்று, எங்களைப்போலவே படகு விடும் மீசைக்காரரின் படகில் விடியும்போதே கிளம்பிவிட்டாராம். படகிலிருந்து இறங்கியதும் நேராக ரயிலாம்.

அக்கா முடியை அவிழ்த்தாள். அது கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிட்டத்திலேயே சுற்றினோம். அவள் கண் மட்டும் தூரத்தில் மீசைக்காரரின் படகைத் தேடியது. கண்ணாடிபோலக் கிடந்த தண்ணீர் திடீரென்று சிலிர்த்தது. மேற்கே மை கொட்டினதுபோல் கறுத்தது. பாறைத் திட்டின் மறைவுக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை முகத்தில் அறைந்தது. அங்கே எங்களுக்கு முன்னால் மீசைக்காரரின் படகு நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் துவைத்த துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தவர் தையல்காரர்.

இரண்டு படகுகளும் கைநீட்டும் தூரத்தில் வந்தன. அக்கா எழுந்து நின்றாள்.

“தையல்காரரே, இருக்கு.”

அவர் தலையைத் தூக்கினார். “என்னங்க இருக்கு?”

“நீங்க கேட்டது. வெறும் இருக்கு.”

“அன்னிக்கு நிறைய இருக்குன்னீங்களே?”

“அது வீட்டுப் பேச்சு. வாய் தவறி துறையில வந்துடுச்சு.”

எங்கள் படகில் இருந்த அம்மாள் என் தோளைத் தொட்டு, என்ன இருக்கிறது, சுறாவா என்று கேட்டாள். மீசைக்காரருக்குப் புரிந்துவிட்டது. ஹாரனை அழுத்தியவர் விடவே இல்லை. தையல்காரர் அப்படியே எங்கள் படகுக்குத் தாவப் பார்த்தார். மீசைக்காரர் ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அந்த நேரம் பார்த்துத் தையல்காரரின் இரவல் தூண்டில் வளைந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழியும் மீனுமாகக் கடலுக்குள் போயின. இன்னொரு முறை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். மழை வந்த வேகத்திலேயே போய், வெயில் அடித்தது.

அவர் ரயில் ஏறவில்லை. இப்போது அவர் என் அத்தான். கடை அதே இடத்தில் இருக்கிறது. எங்கள் படகுக்கு நீலத்தில் வெயில்துணி தைத்துப் போட்டிருக்கிறார். அவர் மட்டும் படகில் ஏறுவதை விட்டுவிட்டார். அக்கா இந்தக் கோடையிலும் படகு ஓட்டுகிறாள்.