கையைத் துடைத்த காட்சி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம். கடலூரில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்திய சேவை மையத்தில், கைரேகைப் பதிவு மேசையில் எனக்கு வேலை. வீடு சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அப்பா, அம்மா இல்லை. தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். அக்காவான நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. தினமும் பேருந்தில் போய் வருவேன்.

அந்த மாதம் மையத்தில் கூட்டம் அதிகம். மாத உதவித்தொகை வாங்குகிறவர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதைக் கைரேகை வைத்து உறுதிசெய்ய வேண்டும். மழைக்கு இணையம் அறுந்து அறுந்து வரும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பதிவாகிவிட்டதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி பொத்தானை அழுத்தினால், முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கும். கருவிழியைப் படம் பிடிக்கும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. பழுதுபார்க்கச் சென்னைக்குப் போனது, திரும்பவில்லை.

"செத்தவன் கையக் கொண்டாந்து வெச்சாக்கூட பச்ச லைட்டு எரியும் மாமா, நமக்குத்தான் எரியாது" என்று வரிசையில் ஒருவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். சிறிது நேரம் கழித்து அதே ஆள்தான் என்னைப் பார்த்துக் கத்துவார்.

எங்களுக்கு வரும் சிக்கல்களில் பெரியது முந்திரி. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் பெண்களில் பலர் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல் நுனியின் தோலை உரித்துவிடும். ரேகை மழுங்கிப்போய், வெடிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். கருவி அதைக் கை என்றே ஏற்காது. அதனால் நான் எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவர்கள் விரலைப் பிடித்துக்கொள்வேன். ஈரத்துணியால் துடைத்து, சாய்த்து, லேசாக உருட்டி அழுத்துவேன். பத்து விரலில் ஏதாவது ஒன்றின் ரேகை கருவியில் விழும், அதாவது பதிவாகும். பிறகு கருவியின் கண்ணாடியையும் என் விரல்களையும் துடைப்பேன். துடைக்காவிட்டால் அந்த எண்ணெய் அடுத்தவர் விரலில் ஏறி, அவருடையதும் விழாது. யார் வந்தாலும், ஒவ்வொருவர் முடிந்ததும் இதைச் செய்வேன். பழக்கத்தில் கை தானாகச் செய்யும்.

அப்படி ஒரு நாள் அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா வந்தார். பத்து விரலும் விழவில்லை. நடுவில் சர்வர் வேறு நின்றுபோனது. "அடுத்த வாரம் வாங்கம்மா, திரும்பப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்து யாரு, வாங்க" என்றேன்.

வரிசையில் யாரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார். நான் அவர் விரலைப் பிடித்திருந்த நேரம் முழுவதும் அதில் இல்லை. அவர் கையை விடுகிறேன், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு துணியால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன், அடுத்தவரைக் கூப்பிடுகிறேன். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போகிறார். அவ்வளவுதான். மேலே, 'ஏழை தொட்டால் தீட்டா?' என்று ஒரு வரி.

மறுநாள் மாலை, சிதம்பரம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவரின் கைப்பேசியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அடுத்து யாரு, வாங்க." என் குரல். அவர் விரலால் தள்ளினார். அடுத்து ஏதோ நாய்க்குட்டி வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. ஆனாலும் வீடு சேரும்வரை துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பின்னூட்டங்களைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. முகமோ பெயரோ இல்லாத கணக்குகள். நான் என்ன சாதி என்று இரண்டு பேர் விவாதித்து ஒரு முடிவுக்கும் வந்திருந்தார்கள். ஒருவர் என் கழுத்தைப் பெரிதாக்கி, தாலி இல்லாததைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். அதன் கீழே எழுதியிருந்தவற்றை இங்கே எழுத முடியாது. ரோஜாப்பூப் படம் வைத்த ஒரு கணக்கு மட்டும் கெட்ட வார்த்தை எதையும் எழுதவில்லை. 'இந்தம்மா மதியச் சாப்பாட்டைக்கூட யாரோடும் சேர்ந்து சாப்பிடாது. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் சாப்பிடும்' என்று எழுதியிருந்தது.

அது உண்மை. ஆனால் அது என்னோடு வேலை பார்க்கும் நான்கு பேருக்கு மட்டுமே தெரியும்.

அன்று தம்பி பேசினான். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பான். பேச்சோடு பேச்சாக, "ஆனாலும் அக்கா, அவுங்க எதிர்லயே கையத் தொடைக்கணுமா? அப்படி இன்னா அவசரம்?" என்று கேட்டான். எண்ணெயைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அடுத்த நாள் மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "மேடம், உங்க மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா வீடியோ இருக்குதே? புகார் மேல போச்சுன்னா அடுத்த ஒப்பந்தத்துல உங்க பேரு இருக்காது. இனிமே யார் கையையும் தொடாதீங்க. வாயால சொல்லுங்க, போதும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வேலை போனால் எனக்கு வேறு வழியில்லை.

அதன்பிறகு நான் மேசைக்குப் பின்னால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. சாய்ங்க. வேற விரல் வைங்க." பலருக்கு விழவில்லை. திருப்பி அனுப்பினேன். மதியம் பின்னறைக்குப் போகாமல் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நான்கு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். "இன்னாக்கா அதிசயமா இருக்குது?" என்று ஒருத்தி சிரித்தாள். ஒருவர் எனக்கு அப்பளம் எடுத்து வைத்தார். அந்த நால்வரில் ஒருவர்தான் ரோஜாப்பூ, யாரென்றுதான் தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா திரும்ப வந்தார். அவருக்குத் தந்திருந்த கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. விழாவிட்டால், பதிவுகளின்படி அவர் உயிரோடு இல்லாதவர். மறுபடி உயிரோடு வர எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வரிசையில் பேச்சு குறைந்தது. சிலர் வீடியோவைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"விரலை வைங்கம்மா. நல்லா அழுத்துங்க."

விழவில்லை. அடுத்த விரல். அதுவும் விழவில்லை. நான் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கு நீயே புடிச்சு வெச்ச இல்ல? இன்னிக்கு இன்னா?" என்றார்.

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

"எதை? என் கையையா?"

அவர் வீடியோவைப் பார்க்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. அவர் கையைக் கருவியிலிருந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தாம்மா வந்தேன்" என்றார். சத்தமில்லாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் செய்யாத ஒன்றுக்காக ஒரு வாரம் என்னை ஏசினார்கள். அந்த ஏச்சுக்குப் பயந்து, இப்போது நான் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். அதுவும் அவரிடமே.

எழுந்து மேசையைச் சுற்றிப் போனேன். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கையக் குடுங்கம்மா" என்றேன். அவர் உடனே தரவில்லை. நானே முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தேன். வரிசையில் ஒருவர் கைப்பேசியை உயர்த்துவது ஓரக்கண்ணில் தெரிந்தது. எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விரல்கள் கறுத்து, நுனியில் தோல் உரிந்து, வெடிப்புகளுக்குள் எண்ணெய் நின்றிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, உருட்டி வைத்தேன். வலது கையில் ஒன்றும் இல்லை. இடது கையில், மோதிர விரலில், கொட்டை உடைக்கும்போது அதிகம் வேலையில்லாத அந்த விரலில், ரேகை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அழுத்திப் பிடித்தேன். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது.

"வுழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சும்மா."

"அப்ப உசுரோடதான் கீறன்" என்றார். வரிசையில் சிரித்தார்கள்.

அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். கண்ணாடியைத் துடைக்க வேண்டும், என் விரல்களையும். ஈரத்துணி மேசைமேல் கிடந்தது. அத்தனை பேர் பார்க்க, அவர் எதிரில் அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. விரல்களை விரித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் பார்த்தார். "இன்னா இப்டி வெச்சினு குந்தியிருக்க? தொடச்சிக்கோ. இந்த எண்ண பொல்லாதது, தோலு வுரிஞ்சிடும் உனக்கு" என்றார். நான் அசையாமல் இருந்ததால் தன் முந்தானையை இழுத்து என் விரல்களை ஒவ்வொன்றாக, அழுத்தமாக, விரலிடுக்கு உட்பட அவரே துடைத்துவிட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, பண்ருட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

கைப்பேசியை உயர்த்திய ஆளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிக்னல் கிடைக்காமல் யாரையோ அழைக்க முயன்றுகொண்டிருந்தார். யாரும் படம் பிடிக்கவில்லை.

மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை. என் பெயர் அடுத்த ஒப்பந்தத்திலும் இருந்தது. பழைய வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. எப்போதாவது யாரோ அதைக் கிளறி எடுத்துப் புதிதாகத் திட்டுகிறார்கள். ரோஜாப்பூ யாரென்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. மதியம் மறுபடியும் பின்னறையில்தான் சாப்பிடுகிறேன். கதவைச் சாத்துவதில்லை.

இன்றும் ஒருவர் விரலைப் பிடிக்கப் போகும்போது என் கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறது. அப்படி நகர்வதாவது அந்த அம்மாவால்தான்.