இடது கை ஆசீர்வாதம்

ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி ஹால். ஒருபாலின ஜோடிகளையும் அவர்கள் குடும்பங்களையும் வரவேற்கும் யூதச் சபை வெள்ளி மாலையில் இங்கே கூடுகிறது. தங்கவயல் நண்பர் முருகேசனுக்குத் துணையாக வந்திருக்கிறேன். அவர் மகள் கவிதா, இந்தச் சபையைச் சேர்ந்த சாரா என்ற பெண்ணோடு வாழ்கிறாள். சாராவிடம் அவர் இதுவரை பேசியதில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றியதும் பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார்கள். கவிதா வந்து குனிகிறாள். பெற்றோர் இல்லாத சாரா சுவரோரம் ஒதுங்குகிறாள்.

"மந்திரம் தெரியாதே சார்," என்கிறார் முருகேசன்.

"கை வெச்சாலே செல்லும்," என்கிறேன். பதிவுத்துறையில் ஓய்வு பெற்றவன் நான். சாட்சிக் கையெழுத்து கேட்காத நடைமுறையை இன்றுதான் பார்க்கிறேன்.

வலது கையை மகள் தலையில் வைத்தவர் சாராவைப் பார்க்கிறார்.

"நீ என்னம்மா அங்க நிக்கற? வா. பீச்சாங்கைதான் காலியா இருக்கு, பரவால்லயா?"

சாரா சிரித்தபடி ஓடிவந்து குனிகிறாள்.

"பரவால்ல மாமா."