பொன்ராஜின் தூள் சாக்கு

டிரையரின் வாயிலிருந்து விழும் தேயிலைத் தூளில் ஒரு பிடி அள்ளி, காதோரம் கொண்டுபோய், கட்டைவிரலால் கசக்கிக் கேட்கிறார் பொன்ராஜ். மொறுமொறுவென்று சத்தம் வர வேண்டும். வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு கையில் ஒட்டியதைத் தட்டிவிடுகிறார். ஷிப்டு முடிந்து சங்கு ஊதியாகிவிட்டது. அடுத்த ஆள் டிரையர் முன்னால் வந்து நின்றுவிட்டான். கம்பெனிக்காகப் பார்க்கிற பதம் இல்லை இது. இந்தத் தூள் அவர் வீட்டுக்குப் போகிறது, குடிப்பதற்காக அல்ல.

தொழிலாளிக்கு மாதாமாதம் தரும் தூளை மற்றவர்கள் ஸ்டோரில் பொட்டலமாக வாங்குகிறார்கள். இவர் சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்து, டிரையர் சூட்டோடு, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய சின்னச் சாக்கில் வாங்கிக்கொள்கிறார். அதை மார்போடு அணைத்தபடி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு ஏறுகிறார். பீர்மேட்டு மூடுபனி தன் சட்டையை நனைப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சாக்கின் வாய்க்குள் மட்டும் போகக் கூடாது.

வீட்டில் அந்தத் தூளுக்குள் அவர் புதைத்து வைப்பது ஒரு டேப்லட். லயத்தில் எல்லோருக்கும் அது ‘டேப்பு’. மாற்றலாகிப் போன மேனேஜர் ஒருவர் புதியது வாங்கிக்கொண்டு, பழையதை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது கடைக்கு வந்த காலத்தில் அந்த விலைக்குக் கறவை மாடு ஒன்றைக் கன்றோடு பிடித்துவரலாம். முதுகு முழுக்க வெள்ளி நிறத் தகடு. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. கண்ணாடியில் கீறல் கிடையாது. இப்போது அதற்கு ஏழெட்டு வயது. புதுப்பிப்பு எதுவும் வருவதில்லை. வீடியோ கால் எடுக்காது, பாட்டுப் போட்டால் மூச்சு வாங்குகிற மாதிரி நின்று நின்று பாடும், காலையில் நிறைத்த சார்ஜ் மதியச் சோற்றோடு தீர்ந்துபோகும். எந்தக் கடைக்காரனும் திருப்பி வாங்க மாட்டான். ஆனால் பொன்ராஜின் மகள் ஆர்த்தி அதில்தான் பேசுகிறாள்.

ஆர்த்திக்கு இருபத்திரண்டு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கைகால்கள் சொன்னபடி கேட்பதில்லை. தொண்டையிலிருந்து சத்தம் வரும், சொல் வராது. காது கூர்மை, ஞாபகம் அதைவிடக் கூர்மை. சக்கர நாற்காலிக்குக் குறுக்கே ஒரு பலகை, பலகைமேல் டேப். திரை நிறையப் படம் போட்ட கட்டங்கள். வலது கையின் நடுவிரல் முட்டியைக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் ஊன்றினால் அந்தச் சொல்லை டேப் பேசும்.

பேசுகிற குரல் பாலக்காட்டுப் பக்கத்து நல்லேப்பிள்ளிக்காரரான யோகப்பிரியாவுடையது. சிறப்புப் பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர். இப்போது கல்யாணமாகித் தன் ஊரோடு இருக்கிறார். இயந்திரக் குரலில் சரியான தமிழ் கிடைக்காத நேரம் அது. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தன் குரலையே பதிந்து கொடுத்தார், தன் ஊர்ப் பேச்சிலேயே. அதனால், சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறிய குடும்பத்தில் ஆர்த்தி மட்டும் கொங்குத் தமிழ் பேசுகிறாள். “தண்ணி வேணுங்க.” “போதுங்க.” அப்பாவைக் கூப்பிட “ஏனுங்கப்பா.”

“பாலக்காட்டுக்கு வாக்கப்பட்டுப் போயிட்டு வந்தவ மாதிரில்லா பேசுதா” என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவளிடம் பேசும்போது அவர்கள் வாயிலும் ‘ங்க’ வந்து ஒட்டிக்கொண்டது.

அவளுக்குப் பிடித்த கட்டம் கீழ் வரிசைக் கடைசியில் இருக்கிறது. பேக்கிங்கில் வேலை பார்க்கும் பாண்டித்துரை ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அவள் எதிரிலேயே, ஏதோ நாற்காலியைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போனையே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிற காலத்தில் இந்தக் கிழட்டு டேப்பைக் கட்டிக்கொண்டு அழுவானேன், அதுக்கு என்ன தெரியப்போகுது, மலிவாகப் புதியது ஒன்றைத் தள்ளிவிட வேண்டியதுதானே என்றார். ஆர்த்தியின் விரல் முட்டி மெல்ல நகர்ந்து கடைசிக் கட்டத்தில் ஊன்றியது.

“அக்கட்டால போங்க.” தள்ளிப் போங்கள் என்று.

பாண்டித்துரை நல்ல மனுஷர். அடுத்த வாரமே தன் மகள் படிக்க வாங்கிய புது டேப்பைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தார். பளபளவென்றிருந்தது, வேகமும் இருந்தது. ஆனால் ஆர்த்தியின் கை ஒரு கட்டத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நடுங்கி நடுங்கி நாலு கட்டங்களை உரசும். புதியது அந்த நாலையும் சொல்லிவிட்டு ஐந்தாவதையும் சொன்னது. பழையதில் யோகப்பிரியா ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். விரல் ஊன்றி நின்றால் மட்டுமே அது காதில் போட்டுக்கொள்ளும், நடுக்கத்தைக் கண்டுகொள்ளாது. புதியதில் அந்த ஏற்பாடு எங்கே இருக்கிறதென்று யாருக்கும் பிடிபடவில்லை. பேசியதும் ஓர் இயந்திரக் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி, “எனக்குத் தண்ணீர் வேண்டும்.” ஆர்த்தி இருமல் வரும் வரை சிரித்தாள். பிறகு கையை மடக்கிக்கொண்டவள் திறக்கவில்லை.

அன்றிலிருந்துதான் பொன்ராஜின் பயம் முற்றியது. இது போனால் வேறில்லை என்று கண்ணெதிரே தெரிந்துவிட்டது. கட்டங்கள் இருக்கும் அந்தச் செயலியைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். பதிந்த குரலை வெளியே எடுக்க வழியில்லை.

எலி வந்து ஒயரைக் கடிக்குமோ என்று பயம். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எதையாவது அழுத்தி அழித்துவிடுமோ என்று பயம். மூடுபனியின் ஈரம் உள்ளே இறங்குமோ என்ற பயத்துக்குத்தான் தூள் சாக்கு. டிரையரில் இருபத்தைந்து வருடம் நின்றவர். சுட்ட தூளைப் போல ஈரத்தை இழுக்கிற பொருள் உலகத்தில் இல்லை என்பது அவர் நம்பிக்கை. நமுத்துப்போன தூளை அவர் மனைவி வேலுத்தாய் வீணாக்குவதில்லை. கொழுந்தெடுத்து நனைந்து வருகிறவர்களுக்கு அதில்தான் கொதிக்க வைக்கிறாள். “இன்னிக்கு டேப்பு டீயா, சாதா டீயா?” என்று கேட்டுக்கொண்டேதான் வாசல்படி ஏறுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே இடி. போன வருடம் பக்கத்து வீட்டில் இடி இறங்கி டிவி கருகியது. சுவரில் ஒயர் போன வழியெல்லாம் கரிக்கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து பொன்ராஜுக்கு மேகம் கறுத்தாலே கண் ஒயரைத் தேடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் இந்த மலையில் மத்தியானம் திரும்பினால் இடிதான். எங்கோ ஏலப்பாறைப் பக்கம் ஓர் உறுமல், மற்றவர் காதில் விழுவதற்கு முன் அவர் காதில் விழும். வீட்டிலிருந்தால் எழுந்துவிடுவார். பாக்டரியில் இருந்தால் வேலுத்தாய்க்குப் போன் போகும். டேப்பைப் பிடுங்கி, ஆஃப் செய்து, துணியில் சுற்றி, தூளுக்குள் அமுக்கி, சாக்கின் வாயைக் கட்டினால்தான் அவருக்கு மூச்சு வரும். வானம் வெளுத்தால்தான் கட்டவிழ்ப்பார். அந்த மாதங்களில் ஆர்த்தி பாதி நாள் பேசுவதில்லை.

“டேப்பயா கட்டி வைக்கிறீக?” என்று வேலுத்தாய் ஒரு நாள் கேட்டாள். “புள்ள வாயத்தான் சாக்குல கட்டி வைக்கிறீக.”

“கருகிப்போச்சுன்னா ஒரேயடியா ஊமையாயிருவா. பரவாயில்லையா?” என்றார் பொன்ராஜ். அவருக்கே அந்தச் சொல்லைச் சொன்னபிறகு அன்று சோறு இறங்கவில்லை.

இந்த ஐப்பசியில் அது நடந்தேவிட்டது. ஒயரைச் செருகினார், சார்ஜ் ஏறவில்லை. வேறு ஒயர், வேறு பிளக், பாண்டித்துரை வீட்டு பிளக். ஏறவில்லை. திரையின் மூலையில் மிச்சமிருந்த சிவப்புக் கோடு மெலிந்துகொண்டே வந்தது. ஆர்த்தி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், “ஏனுங்கப்பா” என்றாள். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது.

டேப்பைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மார்பில் அந்தக் குளிர்ந்த தகடு அழுந்தியது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தையாக ஆர்த்தியைத் தூக்கிப்போனது இதே ரோட்டில்தான். அன்றைக்கும் இப்படித்தான் மார்போடு அணைத்திருந்தார்.

ஏலப்பாறையில் செல்போன் பழுது பார்க்கும் மலையாளி ஜிபி, விளக்கை இழுத்துப் பிடித்துச் சார்ஜ் துவாரத்துக்குள் பார்த்தார். மெல்லிய ஊசியை விட்டுக் கிளறினார். பழுப்பு நிறத்தில் ஒரு திரள் வெளியே வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

“சேட்டா, இதினுள்ளே ஒரு டீ போடான் உள்ள தூள் இருக்கே.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்ராஜும் சிரிக்கப் பார்த்தார். ஒயரைச் செருகியதும் திரையில் வெளிச்சம் வந்தது. அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் ஜிபி டேப்பைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்துப் பார்த்தபடியே இருந்தார். ஓரத்தில் கண்ணாடி ஒரு மயிரிழை மேலே எழும்பியிருந்தது. பேட்டரி வீங்குகிறது என்றார். இதை வெயிலில் வைப்பீர்களா, அடுப்புப் பக்கம் வைப்பீர்களா என்று கேட்டார். டிரையர் சூடு ஆறாத தூளுக்குள் வைப்பதைப் பொன்ராஜ் சொன்னார். இந்தத் தடவை ஜிபி சிரிக்கவில்லை. சூடுதான் பேட்டரிக்கு எமன் என்றார். மாற்றலாமா என்றால், திறக்கும்போது கண்ணாடி உடைந்தால் இந்த மாடலுக்குக் கண்ணாடி இப்போது வருவதில்லை. இப்படியே எத்தனை நாள் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஓடுகிற வரை ஓட்டுங்கள். தூளை மட்டும் விடுங்கள். ஒயரில் செருகாமல் மடியில் கிடக்கிற டேப்பை இடி வந்து ஒன்றும் செய்யாது.

“பேடிக்கண்டா, சேட்டா” என்று தோளில் தட்டினார். பயப்பட வேண்டாமாம்.

திரும்பும் வழியிலேயே யோகப்பிரியாவுக்குப் போன் செய்தார் பொன்ராஜ். தன் கையாலேயே அதை வேகவைத்துவிட்டதைச் சொன்னார்.

“ஒண்ணும் ஆகாதுங்கண்ணா” என்றார் யோகப்பிரியா. “டிசம்பர் லீவுல நானே வந்தர்றனுங்க. நல்லதா ஒண்ணு பாத்து, அதே எடத்துல அதே கட்டமா வெச்சு, அத்தனையும் மறுக்காப் பேசிக் குடுத்தர்றேன்.” கடைசியாக, “அதுவரைக்கும் அவளப் பேச உடுங்கண்ணா” என்றார். வேலுத்தாய் ஏற்கனவே பேசியிருக்க வேண்டும்.

டிசம்பர் லீவுக்குள் ஐப்பசி போக வேண்டும், கார்த்திகையும் போக வேண்டும். இடிக்கிற மாதங்கள் அவைதான். பொன்ராஜ் தூளை நிறுத்தினார். சாக்கைக் கழுவிக் காயவைத்தார், எறியவில்லை. தினமும் டேப்பைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்து, மயிரிழை தடித்திருக்கிறதா என்று பார்த்தார். வானம் உறுமியதும் ஆஃப் செய்து வெறும் சாக்கில் போட்டுக் கட்டினார். ஜிபி சொன்னது மூளைக்குப் போயிருந்தது, கைக்குப் போகவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம். ஷிப்டு முடிந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். உறுமல் கேட்டது. துண்டைப் போட்டுவிட்டு, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். சாக்கை எடுத்துக்கொண்டு மகளின் பலகையை நோக்கிக் கை நீட்டினார்.

“வேண்டாங்க.”

அவர் கை நின்றது. “இடி வருதும்மா. கொஞ்ச நேரம். வெளுத்ததும் தாரேன்” என்றார். பேசிக்கொண்டே குனிந்தார்.

ஆர்த்தியின் முட்டி நகர்ந்தது. மேல் வரிசையில், கண்ணை அகல விரித்த முகம் போட்ட ஒரு கட்டத்துக்கு மேல் வந்து நடுங்கியது. நடுக்கத்தை டேப் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஊன்றியது.

“பயமா இருக்குதுங்க.”

நேற்றுப் பதிந்த மாதிரி அந்தக் குரல் தெளிவாக இருந்தது. அந்தக் கட்டத்தை அவள் தொட்டு அவர் கேட்டதே இல்லை. அந்தச் சொல் அவளுக்குத் தேவைப்பட்ட மத்தியானங்களிலெல்லாம் டேப் சாக்குக்குள் கிடந்தது. மின்னல் வெட்டியது. ஜன்னல் கம்பிகளின் நிழல் பலகையில் விழுந்து மறைந்தது. தகரக் கூரைமேல் இடி உருண்டபோது ஆர்த்தியின் உடம்பு முழுக்க ஒருமுறை விறைத்துத் தளர்ந்தது. ஆனால் முட்டியை அவள் திரையிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு கட்டத்துக்கு நகர்த்தினாள்.

“உக்காருங்க.”

பொன்ராஜ் நின்றுகொண்டிருந்தார். கை சாக்கின் வாயைத் திறந்து பிடித்தபடியே இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து, ஆஃப் செய்து, சாக்குக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அதை மடியில் வைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.