தேதி கேட்கிற ஆப்

வீட்டிலிருந்தபடியே பேனர், போஸ்டர் வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கீரமங்கலத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு எதுவானாலும் என் போனுக்குப் போட்டோ வந்துவிடும். போன ஆவணியில் ஒரு சடங்கு வீட்டுக்கு, தாய்மாமன் சீர் வந்து இறங்கி, பந்தியும் முடிந்த பிறகுதான் பேனர் போய்ச் சேர்ந்தது. வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. இனி ஞாபகத்தை நம்பி ஆகாது என்று ஆப் தேட ஆரம்பித்தேன்.

முதல் ஆப் எதற்கெடுத்தாலும் மணியடித்து உயிரை வாங்கியது. அடுத்ததில் வேலையைப் பதிவதே தனி வேலை. மூன்றாவது தமிழில் பேசியது. தேதி போடாத வேலையை, எந்த நாள் காலியோ அதில் தானே போட்டு வைத்தது. அதையே வைத்துக்கொண்டேன். புத்தி போன போக்கு.

அந்த வாரம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

“ஆத்தா, ஒரு போட்டோ எடு. நான் போன பொறகு ஆதார் அட்டைப் படத்தப் போட்டு அசிங்கப்படுத்திப்புடாத.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எடுத்தேன். “கொஞ்சம் சிரிச்சாப்புல இருக்கட்டும்” என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ‘தோற்றம்’ என்ற இடத்தில் அவர் பிறந்த தேதியைப் போட்டு, ‘மறைவு’ என்ற இடத்தைக் காலியாக விட்டேன். பழக்க தோஷத்தில் ஆப்பிலும் பதிந்துவிட்டேன். தேதி கேட்டது. கொடுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை போனைத் திறந்தால், ‘இன்றைய வேலை: அப்பா, கண்ணீர் அஞ்சலி’ என்று நின்றது. காலி நாள் என்று அதுவாகப் போட்டது, தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? வாசலுக்கு ஓடினால் அப்பா அதே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

“ஏம்ப்பா இதப் போட்டீங்க?”

“ரெண்டு நாளா மழ. மத்ததெல்லாம் ஈரமாக் கெடக்கு.”

அன்று நான் எந்த வேலையும் பார்க்கவில்லை. அவர் இருமினால் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். மதியம் கண்ணயர்ந்தபோது, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆப் கேட்டது: ‘முடிக்கவில்லை. நாளைக்கு மாற்றவா?’ மாற்றினேன். அழித்துவிடலாம் என்று போனால், ‘இந்த வேலை முடிந்ததா?’ என்கிறது. ஆம் என்று அழுத்த எனக்குக் கை வருமா?

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் நாளைக்கு மாற்றுகிறேன். விஷயத்தைச் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “இம்புட்டுப் படிச்சும் ஒனக்கு இந்தப் பயமா?” என்றார். தொழிலில் இருப்பவர்கள் இதைவிட நல்ல ஆப் நாலு சொல்கிறார்கள். சரி சரி என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் காய்ச்சலில் சாயங்காலமே தூங்கிப்போனேன். யாரோ தோளை உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் அப்பா. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. என் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“ஆத்தா,” என்றார், “இன்னைக்கு இன்னும் தள்ளிப் போடலையே.”