கரைக்குப் புரியாத பேச்சு

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியும் மீன் பிடித்தும் பிழைக்கிறவன் நான். சீசனில் டூரிஸ்ட்டுகள், மற்ற நாட்களில் வலையும் தூண்டிலும். அக்கரை கர்நாடகம் என்பதால் எங்கள் வீட்டில் தமிழ் பாதி, கன்னடம் பாதி.

மீன் பிடிக்கிறவனிடம் பெரிய சொல்வளம் ஒன்றும் கிடையாது. சிக்கியது, கொத்தியது, அடியில் கிடக்கிறது, மேலே வந்துவிட்டது. இவ்வளவை வைத்துக்கொண்டே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம். ஆற்றில் மனிதர் விழுந்தாலும் தேடுவதற்கு எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். எந்த மடு எவ்வளவு ஆழம், எந்தப் பாறைக்கு அடியில் தண்ணீர் சுழற்றும் என்பதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். அப்போதும் வாயில் வருவது அதே நாலு சொற்கள்தான். "அடியில கெடக்குது, ரெண்டு நாள்ல மேல வரும்" என்று ஒருமுறை நான் சொன்னது காதில் விழுந்து, பையனைப் பறிகொடுத்த ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எம் புள்ள என்ன மீனாடா?" என்று கேட்டாள்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சொந்தக்காரர்கள் கரையில் இருந்தால் எங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொள்வது, கரைக்குத் தமிழில் ஆறுதல் சொல்வது. செத்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நாங்கள் காட்டும் மரியாதை என்று இதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு பெண் விழுந்தாள். காலேஜில் முதல் வருஷம். சிநேகிதிகளோடு பஸ்ஸில் வந்தவள், போட்டோவுக்காகப் பாறையில் பின்னால் நகர்ந்து வழுக்கிவிட்டாள். சாயங்காலம் அவள் அப்பா வந்து சேர்ந்தார். பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் சேதி கேட்டு அப்படியே ஓடிவந்திருக்கிறார், வேட்டியெல்லாம் செம்மண்.

"கெடச்சிருமுங்களாண்ணா?"

"கெடச்சிருமுங்க. எங்கயாச்சும் பாறையப் புடிச்சிக்கிட்டு ஒதுங்கியிருக்கும். நீங்க தைரியமா இருங்க."

நாக்குக் கூசாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, பரிசலில் நின்ற என் மச்சானிடம், பெண்டாட்டியின் தம்பி அவன், கன்னடத்தில் உள்ளதைச் சொன்னேன். விழுந்த உடனேயே உயிர் போயிருக்கும். மடுவுக்கு அடியில் பாறை இடுக்கில் கிடக்கிறது. கொக்கி போட்டால் கிழியும். மூன்றாம் நாள் ஊதித் தானாக மேலே வரும், அதுவரைக்கும் நம்மால் ஆவது ஒன்றுமில்லை. நாளைக்குச் சும்மா சுற்றுவோம், அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அந்த ஆள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களத்தாங்க நம்பியிருக்கறேன்" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து மடுவைச் சுற்றினோம். சுத்தமான கண்துடைப்பு. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி, அடிவரை விடாமல், மேலாக இழுத்துக்கொண்டு திரிந்தோம். அவர் பாறைமேல் உட்கார்ந்து பரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கடைகளில் மீன் வறுக்கிற எண்ணெய் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த ஒருத்தன், சவாரி வருமா என்று என்னைக் கேட்டான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். என்மேல் இருந்த எரிச்சலை அவன்மேல் காட்டினேன், அவ்வளவுதான்.

மச்சான் சலித்துப்போய், "இன்னும் எத்தனை சுத்து? இதென்ன கோயிலா?" என்று கன்னடத்தில் முணுமுணுத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றைச் சரிசெய்வது போலக் குனிந்து மறைத்துக்கொண்டேன். மத்தியானம் அவரே கடைக்குப் போய் எங்களுக்கு டீயும் பன்னும் வாங்கிவந்தார். "வெயில்ல சுத்தறீங்க, சாப்புடுங்க" என்றார். தான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், கீழே மணல்திட்டுப் பக்கம் அவள் மேலே வந்தாள். பரிசலுக்குள் இழுத்துப் போட்டபோது முகத்தைப் பார்த்தேன். மீன் முதலில் கொத்துவது மெத்தென்று இருக்கிற இடத்தைத்தான், கண்ணும் உதடும். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தவன்தான், அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் துண்டை எடுத்துத் தலையோடு கழுத்துவரை சுற்றினேன். உடம்பைத் தார்ப்பாயால் மூடினோம். கரை நெருங்கும்போது மச்சானிடம் சொன்னேன்.

"முக இல்லா. அப்பனிகெ தோரிஸ்பேடா."

முகம் இல்லை, அப்பனுக்குக் காட்டாதே.

கரையில் இறக்கி வைத்ததும் தமிழுக்கு மாறினேன். "மொகத்துல ஒரு கீறல் இல்லீங்கண்ணா. தூங்கற மாதிரிதான் இருக்குது. ஆனா இப்பப் பாக்க வேண்டாமுங்க, நீங்க தாங்கமாட்டீங்க."

அவர் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். துண்டைத் தொடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"கை இதெயா?"

கை இருக்கிறதா என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் பேசுகிற அதே கன்னடம்.

பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஊர்களில் கன்னட வீடுகள் உண்டு என்று தெரியாதவனா நான்? வாய்க்கு வாய் 'ங்க' போட்டார் என்பதற்காகத் தமிழ் மட்டும் தெரிந்தவர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இடுக்கில் கிடக்கிறது, ஊதி மேலே வரும், சும்மா சுற்றுவோம், கோயிலா என்று கேட்டது, எல்லாம் கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டே டீ வாங்கிவந்திருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி வலது கையை எடுத்துக் கொடுத்தேன். ஊறி வெளுத்திருந்தாலும் முழுசாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தடவினார். பெண்ணாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகும் விடவில்லை.

வாயை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எங்க பேச்சு தெரியும்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்கண்ணா" என்றேன்.

அவர் மகளின் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா அதுலயும் பொய்தாங்க சொல்லியிருப்பீங்க" என்றார்.