செல்லமுத்து மாமாவும் அப்பாவின் கறுப்புப் பொடியும்

எங்கள் ஸ்கூல் வேன் டிரைவர் செல்லமுத்து மாமா இன்று காலை சேலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். கிட்னி இரண்டும் நின்றுபோனதாம்...

இது அம்மாவின் ஐடி. எழுதுவது நான், பெரிய பொண்ணு. அப்பா எழுந்து பார்ப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

போன வருஷம் மாமாவுக்குக் கால் இரண்டும் வீங்கின. ஷூ நுழையாமல் ரப்பர் செருப்போடு வண்டி ஓட்டி, ஸ்கூலில் திட்டு வாங்கினார்.

அப்பாவிடம் சொன்னது நான்தான்.

அப்பா மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். வைத்தியம் படித்தவர் இல்லை. தாத்தா சொல்லிக் கொடுத்தபடி, உடம்பில் நீர் இறங்க ஒரு கறுப்புப் பொடி அரைத்துத் தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுப்பார். அதில் பாதரசம் சேரும். மருந்து அரைக்கும் கல்வத்தில் வெள்ளியாய் உருண்டு ஓடி, அரைக்க அரைக்கக் கறுத்துப்போகும். சின்ன வயசில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

பொட்டலத்தை டிபன் பையில் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தது நான். உப்பு கூடாது, புளி கூடாது, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது என்று பத்தியம் சொன்னதும் நான். வீக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாளில் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். "உங்கப்பன் மருந்துல ஓட்ட ரேடியேட்டராட்ட ஒழுகுது சாமி" என்றார். வேன் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அவ்வளவு பெருமை...

பொங்கலுக்குப் பிறகு கியர் போடும்போது கை நடுங்கியது. ஈறு கறுத்திருந்தது.

"வாயில காச வெச்சாப்புல இருக்குது சாமி. உங்கப்பன ஒரு வார்த்த கேளு."

கேட்டேன். மருந்து வேலை செய்கிறது, பத்தியத்தை விடாமல் இருக்கச் சொல் என்றார் அப்பா.

அந்த வாரம்தான் கெமிஸ்ட்ரி மிஸ் பாதரசம் நடத்தினார். ஒரு காலத்தில் உடம்பு வீக்கத்துக்கு டாக்டர்களே பாதரச மருந்தை ஊசியாகப் போட்டார்களாம். நீர் நன்றாகப் பிரியுமாம். ஆனால் கிட்னி கெட்டது, சிலர் ஊசி போட்ட உடனேயே இறந்தார்கள், அதனால் கைவிட்டார்கள் என்றார். பாதரசம் உடம்பில் சேர்ந்தால் ஈறு கறுக்கும், கை நடுங்கும், வாயில் உலோக ருசி... மிஸ் சொல்லச் சொல்ல எனக்கு மாமா முகம்தான் தெரிந்தது.

காலையில் கொடுக்க மறந்த பொட்டலம் அன்று சாயங்காலம் என் பையில் இருந்தது. கொடுக்காமல் இருந்திருக்கலாம். அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து கொடுத்துவிட்டேன்.

"உங்கப்பன் நல்லா இருக்கோணும்" என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்று சாவு வீட்டில் அப்பாதான் முன்னால் நின்று பந்தல் போட்டார். அழுதார். அவருக்கு நிஜமாகவே தெரியாது.

எனக்குத் தெரியும்.

வாழப்பாடி அத்தை... நாளைக்கு உங்களுக்கும் அப்பாவிடமிருந்து அதே பொட்டலம் வருகிறது. சாப்பிடாதீங்க. வீட்டில் மிச்சம் இருப்பதையும் தொடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன சாப்பிட்டீங்க என்று மறைக்காமல் சொல்லுங்க. வேறு யார் வீட்டில் இருந்தாலும் இதேதான்.

மாமா, காலையில் கடைசி ஸ்டாப் என்னுடையது. தினமும் கண்ணாடியில் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொல்வீங்க. "ஏறிட்டயா சாமி? கதவச் சாத்து."

நாளைக்கு நானே சாத்திக்கிறேன் மாமா. போயிட்டு வாங்க.