இரண்டு ஊர் றைஸா

புத்தளம் தில்லையடி லாபிர் ஓட்டோக்காரர்தான். ஆனால் மனைவி றைஸாவின் இரத்தப் புற்றுநோய்க்கு இதுவரை கொடுத்த மருந்து இனிக் கேட்காது என்று பெரிய டொக்டர் கைவிரித்த நாளிலிருந்து, உலக மருத்துவ ஆராய்ச்சியின் புத்தளம் பிரதிநிதியாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். ஆலங்குடாக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வரும் வெள்ளைக்காரர் அத்தனை பேரும் அவருக்கு டொக்டர்கள். ஓட்டோவில் ஏறியதும் விசாரணை தொடங்கிவிடும். ஒருவர் மாட்டு வைத்தியர் என்று தெரிந்த பிறகும், றைஸாவின் இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டாமல் இறக்கிவிடவில்லை.

கடைசியில் ஒரு நெதர்லாந்துப் பெண் தன் போனில் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். புது மருந்தொன்றை நோயாளருக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. கொழும்பிலும் கண்டியிலும் ஆள் எடுக்கிறார்கள். இடம் மிகக் குறைவு.

லாபிர் இரண்டிலும் பதிந்தார். கொழும்பில் தில்லையடி விலாசம், கண்டியில் மன்னார் எருக்கலம்பிட்டி விலாசம். தொண்ணூறில் போரின்போது மன்னார் முஸ்லிம்கள் எல்லோரோடும் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டுப் புத்தளம் வந்தவருக்கு ஒரே ஊர் என்பது ஆபத்தான விஷயம். அங்கே பதிவில் பெயரை வெட்டினால் இங்கே நிற்கவேண்டும், இங்கே வெட்டினால் அங்கே. வாக்கு மன்னாரில், நிவாரண அரிசி புத்தளத்தில். இத்தனை காலம் குடும்பத்தைக் காத்த தத்துவத்தைப் புற்றுநோய்க்கு மட்டும் ஏன் மறுப்பது? மருந்துக்கு முந்திய இரத்தப் பரிசோதனைக்கு றைஸாவின் ஒரு கையில் கொழும்பும் மறு கையில் கண்டியும் ஊசி குத்தின.

பிறகு கொழும்பு ஆய்வு டொக்டர் இருவரையும் அழைத்தார்.

"கண்டியிலயும் ஒரு றைஸா இருக்கிறா. அதே வயசு, அதே வருத்தம். ஆர் அவ?"

லாபிர் கூரையைப் பார்த்தார். கூரை உதவவில்லை. "எண்ட மச்சாளா இருக்கும், டொக்டர்..."

"அதுவும் நான்தான்," என்றாள் கதிரையில் சாய்ந்திருந்த றைஸா. "ஒரே பொண்டாட்டிய ரெண்டு ஊர்ல வெச்சுத்தான் இவருக்குப் பழக்கம்."

டொக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு இடத்தில மருந்து ஏத்தியிருந்தா உசிரே போயிருக்கும். ரெண்டு பதிவையும் நிப்பாட்டிட்டாங்க."

தத்துவம் அங்கேயே குப்புற விழுந்தது. "டொக்டர், அவ ஒண்டும் செய்யல்ல. என்னை வெட்டுங்க. அவள வெட்டாதீங்க!"

வெட்டுவதற்கு அவர் எங்கும் பதியப்பட்டிருக்கவில்லை.

"நான் கதைச்சுப் பாக்கிறன். சரிவரும் எண்டு சொல்லமாட்டன். ஆனா ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வீடு. காய்ச்சல் எண்டா உடனே வரக்கூடிய வீடு. எது?"

மன்னார் விலாசத்தை விடச் சொல்லிக் கிராம சேவகர் கேட்டிருக்கிறார். சொந்தத் தம்பி கேட்டிருக்கிறான். அடுத்த பெருநாள் எருக்கலம்பிட்டியில்தான் என்று இருவரையும் விரட்டியவர் லாபிர்.

"தில்லையடி," என்றார். "மத்தத வெட்டுங்க."

புத்தளம் திரும்பும் பஸ் சிலாபத்தைத் தாண்டும்போது றைஸா கேட்டாள்: "ஊர வெட்டிட்டீங்க, என்ன?"

"ஓம்."

"இனி என்னை எடுப்பாங்களா?"

"டொக்டர் கேட்டுச் சொல்றாவாம், புள்ள."

"எப்ப?"

லாபிர் போனைப் பார்த்தார். இரண்டு ஊர் வைத்திருந்த மனிதரிடம் போன் ஒன்றுதான். அது அடிக்கவில்லை. தோளில் சாய்ந்திருந்த றைஸாவின் நெற்றி சுடத் தொடங்கியிருந்தது.